ரோபோ பார்ட்னருடன் பிரிட்ஜ்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

பழையதுருப்பு

ஆன்லைனில் ரோபோக்களுடன் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். கீழே உள்ள கையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என் பார்ட்னரும் ரோபோ, எதிரணி இரண்டும் ரோபோ. அவர்கள் ஆறு ஸ்பேட் எடுத்தார்கள், அதாவது ஸ்பேடைத் துருப்பாக வைத்து 13 டிரிக்கில் (நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போடும் சுற்றில்) 12 எடுப்போம் என்று ஏலம். வசதிக்காக டிக்ளேரரை (ஏலம் எடுத்து ஆடுகிறவரை) தெற்காகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நான் மேற்கு.

டம்மி (வடக்கு; மேசையில் விரித்து வைக்கிற, டிக்ளேரரின் பார்ட்னர் கை)
ஸ்பேட்: கிங், 10, 8, 4, 3
ஹார்ட்: கிங், 7, 5
டைமண்ட்: ஏஸ், ஜாக், 4
கிளப்: 7, 2

டிக்ளேரர் (தெற்கு)
ஸ்பேட்: ஏஸ், குயீன், ஜாக், 9, 5, 2
ஹார்ட்: ஏஸ், 4
டைமண்ட்: கிங், 10, 3
கிளப்: ஏஸ், 6

முதல் சீட்டாக ஹார்ட் லீட் கொடுத்தேன். ரோபோ எடுத்தது, துருப்பைக் கழித்தது, உடனே டைமண்டுக்குப் போனது. கிங்கை ஆடிவிட்டு, குயீன் என்னிடம் இருக்கும் என்று நினைத்துப் பத்தை ஓடவிட்டது. குயீன் என் பார்ட்னரிடம். அப்புறம் கிளப்பிலும் ஒன்று போக, ஆட்டம் ஒன்று குறைந்தது.

எனக்கு லாபம்தான், சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கையில் குயீனை யூகிக்கவே தேவையில்லையே! துருப்பு கழித்ததும் இன்னொரு ஹார்ட் எடுத்து, மூன்றாவது ஹார்ட்டை வெட்டி, கிளப் ஏஸ் ஆடி, அடுத்த கிளப்பை எதிரணிக்குக் கொடுத்துவிட்டால் போதும். அதை எடுத்தவர் டைமண்ட் வந்தால் குயீனை அவரே காட்டிக் கொடுக்கிறார். ஹார்ட்டோ கிளப்போ வந்தால் ஒரு கையில் வெட்டி மறு கையில் டைமண்டைத் தள்ளிவிடலாம். நூற்றுக்கு நூறு. பிரிட்ஜ் மன்றத்தில் ஒரு வருடம் ஆடியவர் கண்ணில்கூட இது படும். நொடிக்கு லட்சக்கணக்கில் கணக்குப் போடுகிற இயந்திரத்துக்கு ஏன் படவில்லை?

சும்மாவந்தவன்

அதற்கும் அன்று தலைவலியாக இருந்திருக்கும் சார். 29 பாயின்டில் (ஏஸ் 4, கிங் 3, குயீன் 2, ஜாக் 1 என்ற கணக்கு) ஸ்லாம், அதாவது 12 டிரிக் ஏலம், போனதே பெரிய விஷயம்.

கணக்குப்பிள்ளை

பழையதுருப்பு சார், தலைவலி இல்லை. அது ஆடுகிற முறையிலேயே உள்ள கோளாறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டம்மி விரிந்ததும் டிக்ளேரருக்கு 26 சீட்டு தெரியும். மீதி 26 எதிரணியின் இரண்டு கைகளில். அவை பிரியக்கூடிய விதங்கள் மொத்தம் 1,04,00,600. ஏலத்தில் எதிரணி சொன்னதையும் வந்த லீடையும் வைத்துப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டாலும் மிச்சம் ஏராளம். அதனால் ரோபோ, நடந்த ஏலத்துக்குப் பொருந்துகிற மாதிரி சில டஜன் கைகளைத் தானே போட்டுக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் நாலு கையையும் திறந்து வைத்துக்கொண்டு, 'இந்தச் சீட்டை ஆடினால் எத்தனை டிரிக், அதை ஆடினால் எத்தனை' என்று கணக்குப் பார்க்கிறது. இதற்குத்தான் டபுள் டம்மி கணக்கு என்று பெயர். எல்லாக் கைகளையும் சேர்த்துச் சராசரியில் எந்தச் சீட்டு முந்துகிறதோ அதை ஆடுகிறது.

மேத்யூ ஜின்ஸ்பெர்க் எழுதிய ஜிப் என்ற நிரல்தான் இந்த முறையில் முதலில் பெயர் வாங்கியது. 1998, 1999 இரண்டு ஆண்டும் கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் போட்டியை அது ஜெயித்தது. பிறகு வந்த பல ரோபோக்களின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். ரோபோ போட்டுக்கொண்ட ஐம்பது கைகளில் குயீன் பாதியில் கிழக்கிடம், பாதியில் மேற்கிடம். ஆனால் ஒவ்வொரு கையிலும் சீட்டுகள் திறந்துதானே இருக்கின்றன? கிழக்கிடம் இருந்தால் அந்தப் பக்கம் ஃபினெஸ் (பெரிய சீட்டு ஒருவரிடம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சின்னச் சீட்டால் டிரிக் எடுக்கப் பார்ப்பது), மேற்கிடம் இருந்தால் இந்தப் பக்கம் ஃபினெஸ். ஐம்பதிலும் 12 டிரிக். நீங்கள் சொன்ன வழியிலும் ஐம்பதிலும் 12 டிரிக். இரண்டும் சமம், எதை ஆடினால் என்ன என்று அதற்குத் தோன்றுகிறது. குயீன் எங்கே என்று பிறகு தனக்குத் தெரிந்திருக்கும் என்று அது நம்புகிறது. அந்த இடம் வந்து பத்தைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியாது என்று தெரிகிறது. அப்புறம் பூவா தலையா.

இயான் ஃபிராங்க், டேவிட் பாசின் என்ற இருவர் 1998-லேயே பிரிட்ஜை வைத்து இந்தக் குறையை அலசி எழுதினார்கள். ஜின்ஸ்பெர்க்கும் 2001-இல் ஜிப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு மாற்று வழியைச் சொன்னார். அதற்குக் கணினி நேரம் நிறைய ஆகும். சில நொடிக்குள் சீட்டைப் போட்டாக வேண்டிய ஆன்லைன் ஆட்டத்தில் அதற்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பழையதுருப்பு

அருமை தம்பி. அதாவது அறியாமை என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இப்படி ஒரு பார்ட்னரை எனக்குத் தெரியும், ரோபோ இல்லை, மனிதர்தான்.

நோட்ரம்ப்நாயகன்

ஒன்று புரியவில்லை. இவ்வளவு மக்கு என்றால் 2022-இல் எட்டு உலக சாம்பியன்களைச் செயற்கை நுண்ணறிவு தோற்கடித்தது என்று பத்திரிகையில் வந்தது எப்படி? செஸ்ஸில் 1997-இல் கதை முடிந்தது, கோ ஆட்டத்தில் 2016-இல் முடிந்தது. பிரிட்ஜும் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை

அந்தச் செய்தியை எல்லோரும் தலைப்போடு விட்டுவிட்டார்கள். 2022 மார்ச், பாரிஸ். நுக்ஏஐ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் நூக் என்ற நிரல். எட்டு சாம்பியன்களும் நூக்கும் தனித்தனியாக அதே கைகளை ஆடினார்கள். 800 கை, பத்துப் பத்தாகப் பிரித்து 80 சுற்று. 67 சுற்றில் நூக் முன்னே. சாதாரண விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏலமே கிடையாது. கான்ட்ராக்ட் எப்போதும் மூன்று நோட்ரம்ப், அதாவது துருப்பே இல்லாமல் ஒன்பது டிரிக். டிக்ளேரராக மட்டும் ஆட வேண்டும், டிக்ளேரரைத் தடுக்கிற டிஃபென்ஸ் கிடையாது. எதிரே உட்கார்ந்து டிஃபென்ஸ் ஆடியவையும் ரோபோக்கள்தான். மனிதர்களுக்கு அந்த ரோபோக்களின் போக்கு பழக்கமில்லை, நூக் அதைப் படித்துப் பழகியிருந்தது. பிரிட்ஜில் பாதி ஆட்டம் ஏலத்தில் நடக்கிறது. மீதியில் பாதி டிஃபென்ஸ். மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் நூக் ஜெயித்தது.

இன்னொன்று. நான் மேலே சொன்ன 'குயீன் எனக்குத் தெரிந்திருக்கும்' வியாதிக்கு மருந்து தேடிய ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான் நூக். அந்தக் குழுவின் வெரோனிக் வெந்தோஸும் டிரிஸ்டன் காசனாவும் இதற்காகவே தனியாக ஒரு தேடல் முறையை உருவாக்கினார்கள். அதனால் உங்கள் ஆறு ஸ்பேட் கையை நூக்கிடம் கொடுத்திருந்தால் கிளப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பழைய கதையும் ஒன்று உண்டு. பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஜியா மஹ்மூத், தான் தேர்ந்தெடுக்கும் அணியைக் கணினி தோற்கடித்தால் பத்து லட்சம் பவுண்டு தருவதாகப் பந்தயம் கட்டியிருந்தார். ஜிப் வந்து 1998-இல் பிரான்ஸின் லில் நகரில் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான கடினக் கைகள் போட்டியில் 12-ஆவது இடம் பிடித்தது. ஜிப்பின் திறமையைப் பார்த்து ஜியா அந்தப் பந்தயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். லில் போட்டியிலும் ஏலம் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

வடக்குக்கை

நான் புதியவர்களுக்குப் பிரிட்ஜ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் வீட்டில் ரோபோவுடன்தான் பழகிவிட்டு வருகிறார்கள். தத்துவத்தை விட்டுவிட்டு நடைமுறைக்கு வருகிறேன்.

ரோபோ ஏலம் கேட்டால் அந்த ஏலத்தின் மேல் தட்டுங்கள். 'ஸ்பேட் ஐந்து அல்லது மேல், 11 முதல் 21 பாயின்ட்' என்பது போல விளக்கம் வரும். நீங்கள் கேட்கப்போகும் ஏலத்துக்கும், கேட்பதற்கு முன்பே அதே விளக்கத்தைப் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் ஆடுகிறவர்கள்தான் 'ரோபோ பைத்தியம்' என்று திட்டுகிறார்கள். நீங்கள் என்ன மனதில் வைத்துக் கேட்டீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. அந்த விளக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் கை. 18 பாயின்டை வைத்துக்கொண்டு 15-17 என்று சொல்லும் ஒரு நோட்ரம்ப் கேட்டீர்கள் என்றால் அந்த ஒரு பாயின்டைப் பிறகு சொல்ல வழியே கிடையாது. மனிதப் பார்ட்னர் என்றால் உங்கள் சுபாவம் தெரிந்து ஒன்று கூட்டிக்கொள்வார்.

ஏலம் வினோதமான பாதையில் போனால் விளக்கங்களும் வினோதமாகும். விதிகள் தீர்ந்துபோன இடத்தில் ரோபோ எதையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏழு வரைகூடப் போய்விடும். அதனால் ரோபோவுடன் ஆடும்போது நேர்வழி. குறும்பு டபுள், கதை கட்டும் ஏலம் எதுவும் வேண்டாம். கேம் (போனஸ் கிடைக்கிற அளவு ஏலம்) இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே கேட்டு முடித்துவிடுங்கள், அதனிடம் முடிவை ஒப்படைக்காதீர்கள்.

டிஃபென்ஸில் சிக்னல் என்பதை மறந்துவிடுங்கள். பெரிய சீட்டைத் தள்ளினால் 'இந்த சூட் வா' என்று நாம் அர்த்தம் கொள்கிறோம். இந்த வகை ரோபோவுக்கு, ஆறைத் தள்ளினாலும் இரண்டைத் தள்ளினாலும் டிரிக் எண்ணிக்கை மாறாது என்றால் இரண்டும் ஒன்றுதான். கைக்கு வந்ததைத் தள்ளும். அதைப் படித்து நீங்கள் முடிவெடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. என்னிடம் வருகிற மாணவர்களில் ரோபோவுடன் மட்டுமே ஆடியவர்களை டிஃபென்ஸில் உடனே கண்டுபிடித்துவிடுவேன். பார்ட்னர் தள்ளிய சீட்டை அவர்கள் கண் பார்ப்பதே இல்லை.

நோட்ரம்ப்நாயகன்

மேடம், டிஃபென்ஸ் வராததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. பெரும்பாலான ரோபோ ஆட்டங்களில் மனிதருக்குத்தான் எப்போதும் நல்ல கை. நாலு கையிலும் பாயின்ட் அதிகமானது நமக்கே வரும்படி சுழற்றிக் கொடுக்கிறார்கள். அதனால் நிறையக் கைகளில் நாமே டிக்ளேரர். வடக்கு எடுத்தாலும் பல இடங்களில் நாமே ஆடலாம். சும்மா உட்கார்ந்து டிஃபென்ஸ் ஆட யாரும் காசு கட்டி வர மாட்டார்கள் என்று நினைத்து வைத்திருப்பார்கள்.

வடக்குக்கை

சரியாகப் பிடித்தீர்கள். அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நல்ல கை நமக்கே என்ற விதி, நேரில் ஆடும்போது கிடைக்காத ஒரு தகவலைக் கொடுக்கிறது. உங்களிடம் 14 பாயின்ட் என்று வையுங்கள். மேற்கு ஆட்டத்தில் ஏற்கெனவே 12 பாயின்ட் காட்டிவிட்டது. டைமண்ட் கிங் எங்கே? மேற்கிடம் இருந்தால் 15 ஆகிவிடும், உங்களைவிட அதிகம், அது நடக்காது. ஆக கிங் கிழக்கிடம், ஐயமே இல்லை. ரோபோ போட்டிகளில் மேலே வருகிறவர்கள் இந்தக் கணக்கை விடாமல் போடுகிறார்கள். அங்கே அது புத்திசாலித்தனம். அதையே கிளப் மேசையில் பழக்கதோஷத்தில் போட்டால் காலி.

மாணவர்களிடம் நான் சொல்வது: அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு ஆடுங்கள். நாலு பாயின்ட் கையோடு உட்கார்ந்து லீட் யோசிப்பதும் பிரிட்ஜ்தான்.

டொரொண்டோமுந்நூற்றுநாலு

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப கனடாவில். ஊரில் 304 விளையாடி வளர்ந்தனாங்கள். அங்கையும் நாலு பேர், எதிரும் புதிரும் பார்ட்னர், கேள்வி கேட்டுத் துரும்பு வைக்கிறது எல்லாம் உண்டு. ஜாக் 30, ஒன்பது 20 என்று ஏறுமாறான கணக்கு. துரும்பைக் கவிழ்த்து வைத்து மறைத்து விளையாடுறது. அதில் இருந்து பிரிட்ஜுக்கு வாறவருக்கு றோபோ நல்ல வாத்தியாரா, இல்லை நேரே ஒரு கிளப்புக்குப் போறது நல்லதா? மனுசருக்கு முன்னால் பிழை விட்டுப் பேச்சு வாங்க விருப்பமில்லை.

வடக்குக்கை

அண்ணா, 304 ஆடியவருக்கு டிரிக் எண்ணுவதும் துருப்பு கணக்கும் கையில் இருக்கும், அது பெரிய சொத்து. ஜாக் பெரியது என்ற எண்ணத்தை மட்டும் கழற்றி வைக்க வேண்டும். டிக்ளேரர் ஆட்டத்துக்கு ரோபோ நல்ல இடம். அது முகம் சுளிக்காது, எத்தனை நிமிடம் யோசித்தாலும் காத்திருக்கும். எதிரணி துருப்பு ஐந்து வெளியே இருந்தால் மூன்று-இரண்டாகப் பிரிய 68 சதவீதம், நாலு-ஒன்றாகப் பிரிய 28 சதவீதம். நாலு வெளியே இருந்தால் இரண்டு-இரண்டைவிட மூன்று-ஒன்றுதான் அதிகம், ஏறக்குறைய 50-க்கு 41. இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், நிறையக் கைகள் ஆடினால் ஒட்டிக்கொள்ளும். ஏலமும் டிஃபென்ஸும் மனிதர்களிடம்தான் வரும். பேச்சு வாங்குவதும் அதில் ஒரு பாடம்.

சும்மாவந்தவன்

ரோபோவுக்கு ஆதரவாக யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். 2020 ஊரடங்கில் எல்லா கிளப்பும் ஆன்லைனுக்குப் போனபோது என்ன நடந்தது? இன்னொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து நாலு கையையும் பார்த்துக்கொண்டு ஆடினார்கள், தொலைபேசியில் பேசிக்கொண்டு ஆடினார்கள். பெரிய ஆட்டக்காரர்களே மாட்டினார்கள். மூன்று ரோபோவும் நானும் என்றால் யாரும் யாருக்கும் கண் காட்ட முடியாது. அதே கையை அதே மாதிரி மூன்று ரோபோக்களுடன் நூறு பேர் ஆடுகிறோம், யார் நன்றாக ஆடினார் என்பது தெளிவாகத் தெரிகிறது. பார்ட்னர் சொதப்பினார் என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை, எல்லோருக்கும் அதே பார்ட்னர்.

பழையதுருப்பு

தம்பி, நீ சொல்வது நியாயம்தான். ஆனால் அமெரிக்க பிரிட்ஜ் சங்கம் ரோபோ ஆட்டங்களுக்கும் மாஸ்டர்பாயின்ட் (ஆட்டக்காரரின் தகுதியைக் காட்டும் புள்ளி) கொடுக்கிறது பார், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. பல வருடங்களாகச் சேர்ந்து ஆடிய ஜோடி. அவர் ஒரு சீட்டை எதற்காகத் தள்ளுகிறார் என்று இவருக்குத் தெரியும். அந்தத் திறமைக்கும், ரோபோவின் விளக்கப் பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சேர்த்த பாயின்டுக்கும் ஒரே பெயரா?

சும்மாவந்தவன்

பெயரை மாற்றிக்கொள்ளட்டும் சார், எனக்கு ஆட்டம் கிடைத்தால் போதும். நான் இருக்கிற ஊரில் பிரிட்ஜ் என்றால் பாலம் எங்கே என்று கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மூன்று பேரை எங்கே தேடுவது?

பழையதுருப்பு

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அதே காரணத்துக்காகத்தான் ஆடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

ரோபோவின் அந்த வியாதியை நமக்குச் சாதகமாக்க ஒரு வழி சொல்கிறேன். இதுவரை யாரும் சொல்லவில்லை.

டிஃபென்ஸில் உட்காரும் ரோபோவும் அதே டபுள் டம்மி கணக்கைத்தான் போடுகிறது. டிக்ளேரருக்கு, அதாவது உங்களுக்கு, எல்லாச் சீட்டும் தெரியும் என்று அது நினைக்கிறது. குயீனை நீங்கள் எப்படியும் பிடிப்பீர்கள், ஆகவே தான் அந்த சூட்டை ஆடினால் கூடுதல் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது அதன் முடிவு. மனிதர் யாரும் தொடாத சூட்டை அது தாராளமாக ஆடிக் கொடுக்கும்.

அதனால் இரண்டு பக்கமும் ஃபினெஸ் இருக்கிற சூட் உங்களிடம் இருந்தால் அதைக் கடைசிவரை தொடாதீர்கள். போக வேண்டிய டிரிக்குகளை முதலில் கொடுத்துவிடுங்கள். பழையதுருப்பு சாரின் கை மாதிரி இல்லாமல், முழுதாக அடைக்க முடியாத கைகளிலும், ரோபோவே பாதி நேரம் வந்து விடையைச் சொல்லிவிட்டுப் போகும்.

நோட்ரம்ப்நாயகன்

இது உண்மை. நேற்று மூன்று நோட்ரம்பில் முயற்சித்தேன். கிளப் குயீன் எங்கே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது கிழக்கு ரோபோ அமைதியாகக் கிளப்பையே லீட் செய்தது.

புதுச்சீட்டு

இழையை முழுக்கப் படித்தேன், நன்றி. ஒரே ஒரு கேள்வி. கை முடிந்ததும் தளத்தில் ஒரு அட்டவணை வருகிறது, 'தெற்குக்கு ஸ்பேடில் 12 டிரிக்' என்று. நான் பதினொன்றுதான் எடுத்தேன். எங்கே தவறு என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. பல கைகளில் இப்படி. என் ஆட்டம் அவ்வளவு மோசமா?

கணக்குப்பிள்ளை

அந்த எண்ணும் டபுள் டம்மிதான். பெரும்பாலும் போ ஹாக்லுண்ட் எழுதி இலவசமாக வெளியிட்ட நிரல் பின்னால் ஓடும். நாலு கையும் திறந்திருந்தால் எத்தனை வரும் என்பதுதான் அது. டிக்ளேரருக்குப் பின்னால் ஒற்றையாக நிற்கிற கிங்கை ஃபினெஸ் எடுக்காமல் ஏஸ் போட்டு விழவைப்பதெல்லாம் அதற்குச் சர்வசாதாரணம். நீங்கள் அப்படி ஆடினால் பக்கத்து மேசைக்காரர் உங்களைச் சந்தேகப்படுவார்.

அந்த எண்ணை விட்டுவிட்டு, அதே கையை ஆடிய மற்ற மனிதர்கள் எத்தனை எடுத்தார்கள் என்ற பட்டியலைத் திறங்கள். முக்கால்வாசிப் பேர் பதினொன்று என்றால் அடுத்த கைக்குப் போய்விடுங்கள். நிறையப் பேர் பன்னிரண்டு எடுத்திருந்தால் அவர்களில் ஒருவருடைய ஆட்டத்தைச் சீட்டுச் சீட்டாக ஓட்டிப் பாருங்கள், பிரிந்த இடம் தெரிந்துவிடும். அப்படியும் புரியாத கையை இங்கே போடுங்கள். நாலு கையும், ஏலமும், லீடும் வேண்டும். ஏலத்தை விட்டுவிட்டுக் கேட்டால் வடக்குக்கை மேடம் திட்டுவார்.

வடக்குக்கை

திட்டுவேன். யார் டீலர் (சீட்டுப் போட்டவர்), யார் வல்னரபிள் (தோற்றால் கூடுதல் தண்டனை உள்ள அணி) என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.